சபைக்கு இலாபம் என்றால் நமக்கு ஏன் பில் கூடியது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சம்மாந்துறையில் நெல்லு மில் நடத்துகிறீர்கள். 2023-லும் 2024-லும் இலங்கை மின்சார சபை இலாபம் காட்டியது. 2025 ஜனவரியில் கட்டணத்தை 20 வீதம் குறைத்தார்கள், அதே வருடம் ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். ஐந்து மாதத்தில் என்ன கெட்டுப்போனது, அந்த இலாபக் காசு எங்கே போகிறது, மில் கூரையில் சோலார் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் சபை ஆள் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் லைன் இழுக்கும் கொந்தராத்து வேலையிலும் ட்ரான்ஸ்போமர் பராமரிப்பிலும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். கணக்குப் புத்தகம் படிக்கிற பழக்கமும் உண்டு. எனக்குப் பிடிபட்டது இதுதான்: நம் பில்லில் பெரிய பங்கு, நேரத்துக்குக் கட்டாமல் விட்ட மின் நிலையங்களுக்காக நாம் கொடுக்கும் அபராதம். சம்பளம் கூட, ஆள் கூட என்று எல்லோரும் பேசுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மின்சாரத்தின் விலையை ஆட்டி வைப்பது எரிபொருள்.

உங்கள் மில்லையே எடுங்கள். மெசினை ஒரு தடவை வாங்குகிறீர்கள். நெல்லை ஒவ்வொரு நாளும் வாங்குகிறீர்கள். நீர்மின் நிலையம் என்பது மெசின் விலை கூட, நெல்லு இலவசம் என்கிற மாதிரி. டீசல் நிலையம் அப்படியே தலைகீழ்: மெசின் மலிவு, நெல்லு தங்க விலை. நிலக்கரி நடுவில். கொழும்பில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையம் ஒவ்வொரு அரை மணி நேரமும் மலிவானதை முதலில் ஓட விட்டு, போதாததற்கு அடுத்ததை, அதற்கும் போதாததற்கு எண்ணெயை என்று ஏற்றிக்கொண்டு போகும். மாலை ஆறரைக்கு வீடுகளில் லைட், டிவி, ரைஸ் குக்கர், பேன் எல்லாம் ஒன்றாக ஓடும்போது கடைசியாக ஏறுவதுதான் ஆகக் கூடின விலை. இரவு பத்தரை வரைக்கும் உச்ச நேரம் என்று சபை பிரித்திருப்பது அதனால்தான்.

டீசல் எவ்வளவு கடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது மில்லில் ஜெனரேட்டர் ஓட்டியிருப்பீர்கள். சின்ன ஜெனரேட்டர் ஒரு லீற்றருக்கு மூன்று, மூன்றரை யூனிட் தரும். டீசல் 280 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 80 ரூபாய்க்குக் குறையாது. பெரிய இயந்திரம் கொஞ்சம் நன்றாகத் தரும், நாலு யூனிட் என்று வையுங்கள். அப்போதும் 70 ரூபாய். அந்த மின்சாரத்தைத்தான் உச்ச நேரத்தில் நாட்டுக்குள் கலந்து, சராசரி போட்டு நமக்கு விற்கிறார்கள்.

சரி, அந்த எண்ணெய் ஏன் இன்னும் தேவைப்படுகிறது? முதலீட்டுக் கதை இங்கேதான் வருகிறது.

சபையில் இருபது வருடத்துக்கு ஒரு உற்பத்தித் திட்டம் போடுவார்கள். ஆகக் குறைந்த செலவில் தேவையைச் சந்திக்க எந்த வருடம் எந்த நிலையம் வேண்டும் என்ற கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதைத் திருத்துவார்கள். பொறியியலாளர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிசகுவது அதற்குப் பிறகு.

நம் மாகாணத்திலேயே உதாரணம் இருக்கிறது. மூதூர்ப் பக்கம் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுவதாக 2006-இல் இந்தியாவோடு பேச்சு. சனம் இடம்பெயர்ந்து, காணி பறிபோய், வழக்கு, சுற்றாடல் அறிக்கை என்று பத்து வருடம் ஓடி, 2016-இல் அது வேண்டாம் என்று முடிந்தது. நிலக்கரி வராதது நல்லதுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். கொட்டியாரக் குடாவைப் பார்த்தவன் வேறு மாதிரிச் சொல்லமாட்டான். ஆனால் கைவிட்டால் அந்த இடத்துக்கு உடனே இன்னொன்று வரவேண்டும். அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு வேலை தொடங்கியது 2025 ஏப்ரலில். 2006-க்கும் 2025-க்கும் நடுவில் பத்தொன்பது வருடம். அந்த 500 மெகாவாட்டை நம்பிப் போட்ட திட்டத்தின் ஓட்டையை எண்ணெய்தான் அடைத்தது. வானம் பொய்த்த வருடங்களில் அதுவும் போதாமல், வெளியிலிருந்து அவசர மின்சாரம் வாடகைக்கு வாங்கினார்கள்.

கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியைப் பாருங்கள். 300 மெகாவாட் யுகதனவி நிலையம் 2010-இல் வந்தது. எரிவாயுவில் ஓடத் தோதாகக் கட்டிய நவீன நிலையம். எரிவாயு இறக்கும் முனையம் மட்டும் வரவில்லை. அதனால் வருடக்கணக்காக அது எண்ணெயில் ஓடியது. பந்தயக் குதிரை வாங்கி மாட்டு வண்டியில் பூட்டின மாதிரி.

புத்தளப் பக்கம் இருக்கும் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் வேறு விதம். 900 மெகாவாட், மூன்று இயந்திரம், முதலாவது 2011-இல், மற்ற இரண்டும் 2014-இல். நாட்டுக்கு இன்று மலிவான அனல் மின்சாரம் அங்கிருந்துதான். ஆனால் நிலக்கரிக் கப்பல் கரையில் அணைவதில்லை, நடுக்கடலில் நின்று சின்ன படகுகளுக்கு இறக்கும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நடக்காது. அதனால் ஒரு வருடத்துக்கான நிலக்கரியை ஆறேழு மாதத்துக்குள் இறக்கி மலை மாதிரிக் குவிக்க வேண்டும். டொலர் கையில் இருக்கும்போது வாங்குவதல்ல, கடல் விடும்போது வாங்குவது. 2022-இல் டொலர் இல்லாமல் போனபோது ஏன் அப்படி நடுங்கினார்கள் என்று இப்போது விளங்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. 2014-க்குப் பிறகு 2022 ஓகஸ்ட் வரைக்கும் கட்டணம் அசையவே இல்லை. அந்தக் காலத்தில் டொலர் 130 ரூபாயிலிருந்து 360-க்குப் போனது. நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வாங்குவது. எட்டு வருடம் நெல்லை ஏறின விலைக்கு வாங்கி, அரிசியைப் பழைய விலைக்கு விற்றால் மில் என்னாகும்? சபை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கடன், தனியார் மின் உற்பத்தியாளர்களுக்குக் கடன், வங்கிக்குக் கடன் என்று நின்றது. அப்புறம் ஒரேயடியாக விழுந்தது: 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம். அந்த வருடம் மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்தபோது, செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

அதன் பிறகு கட்டணம் ஊஞ்சலாடத் தொடங்கியது. 2023 ஜூலையில் 14 வீதம் குறைந்து, ஒக்டோபரில் 18 வீதம் கூடி, 2024-இல் இரண்டு தடவை இருபது வீதத்துக்கு மேல் குறைந்து, 2025 ஜனவரியில் இன்னுமொரு 20. இதில் கவனிக்க வேண்டியது, 2025 ஜனவரியில் சபை கேட்டது குறைப்பு அல்ல, இருக்கிறபடியே விடுங்கள் என்றுதான். கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒத்துக்கொள்ளவில்லை. கடந்த வருடங்களில் மழை நன்றாகப் பெய்து, மலிவான நீர்மின் கிடைத்து, இலாபம் சேர்ந்திருக்கிறது, அதைச் சனத்துக்குத் திருப்பிக் கொடு என்றது. கொடுத்தாயிற்று. ஜூனில் செலவு வருமானத்தை மிஞ்சியது என்று சபை 18 வீதம் கேட்டு, 15 கிடைத்தது.

ஆக, அந்த இலாபம் பெட்டிக்குள் காசாக இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒரு பகுதி பழைய கடனுக்குப் போனது, ஒரு பகுதி ஜனவரிக் குறைப்பாக உங்கள் பில்லுக்கே வந்தது. நல்ல மழை வருடத்தில் மிஞ்சுகிறதை வரட்சி வருடத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தால் ஊஞ்சல் இவ்வளவு வேகமாக ஆடியிராது. நம் விவசாயி பெரும்போகத்து நெல்லில் கொஞ்சம் விதைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தானே மிச்சத்தை விற்பான்? சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவில் அந்தப் பழக்கம் இன்னும் உருவாகவில்லை. என் பெரிய குறை அதுதான்.

நீர்மின் என்றதும் நம் இங்கினியாகலை ஞாபகம் வரும். சேனாநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டின் அடியில் சுமார் 11 மெகாவாட். கல்லோயாத் திட்டத்துக் காலத்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். நாட்டின் இரவு உச்சத் தேவை இப்போது 2,500 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது, அதற்குள் இது ஒரு துளி. ஆனால் அங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. வயலுக்குத் திறக்கிற தண்ணீர் போகிற வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. தண்ணீர் யாருக்கு என்று சண்டை இல்லை, நெல்லுக்குத்தான். மகாவலியில் அப்படியல்ல. வயலுக்கா கரண்டுக்கா என்று ஒவ்வொரு போகமும் இழுபறி.

இனி சோலார். 2016-இல் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தை அரசு பெரிதாகத் தொடங்கியபோது நாம் சபைக்கு விற்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், அதற்குப் பிறகு 15 ரூபாய் 50 சதம் என்றார்கள். 2022-இல் 37 ஆனது. 2024-இல் 27. 2025-இல் ஐந்து கிலோவாட் வரைக்கும் 20 ரூபாய் 90 சதம், அதற்கு மேல் போகப் போக இன்னும் குறைவு. 37-க்கு ஒப்பந்தம் எழுதினவன் சிரிக்கிறான், இப்போது எழுதுகிறவன் யோசிக்கிறான். இதில் சதி ஒன்றும் இல்லை. பலகை விலை உலகம் முழுக்க விழுந்துவிட்டது. அதோடு, பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் மின்சாரம் சபைக்கு முன்னைப்போல் தேவை இல்லை.

அது எப்படித் தேவையில்லாமல் போகும் என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 9-ஐ நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், பேக்டரி எல்லாம் பூட்டு. பகல் பதினொரு மணியளவில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற, நாடு முழுக்க இருண்டது. எல்லோரும் குரங்கை வைத்து மீம் போட்டார்கள். குரங்கு ஒரு சாட்டு மட்டுமே. அந்த நேரம் தேவை குறைவு, அதில் பெரும் பங்கு கூரைகளிலிருந்து. அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய நிலையங்களின் பாரமான சுழலிகள் குறைவாகவே ஓடின. வண்டி பாரமாக இருந்தால் சின்னக் கல்லில் ஏறினாலும் தடுமாறாது, வெறும் வண்டி குடைசாய்ந்துவிடும். நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன, திரும்ப ஓட வைக்க நாட்கள் எடுத்தது, அடுத்த இரண்டு நாளும் மின்வெட்டு. இரண்டு மாதத்துக்குப் பிறகு சித்திரைப் புத்தாண்டு லீவில், பின்னேரம் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று சபையே வேண்டிக்கொண்டது. முந்தின பயம் அப்படி.

அதனால் இனி வரவேண்டிய முதலீடு பலகையில் அல்ல, பகல் வெயிலை இரவுக்குப் பிடித்து வைப்பதில். 160 மெகாவாட் பெற்றரிக்குக் கேள்விப்பத்திரம் கூப்பிட்டிருக்கிறார்கள். மஹாஓயாவில் 600 மெகாவாட், தண்ணீரைப் பகலில் மேலே ஏற்றி இரவில் இறக்கும் நிலையம் ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது. (மஹாஓயா என்றதும் நம் அம்பாறை மஹாஓயா, சுடுதண்ணிக் கிணறு என்று நினைத்துவிட வேண்டாம். இது அரநாயக்கப் பக்கம்.) நம் வவுணதீவில் ஓடும் 10 மெகாவாட் சூரியப் பண்ணை மாதிரி இன்னும் பத்து வந்தாலும், பக்கத்தில் சேமிப்பு இல்லாவிட்டால் மட்டக்களப்பில் இரவு ஏழு மணிக்கு எரிவது எண்ணெய்தான்.

செலவைக் குறைப்பது பற்றி ஒன்று. எல்லாக் குறைப்பும் சிக்கனம் அல்ல. கடற்கரையோரம் ஒரு தனியார் இடம், பெயர் வேண்டாம். சொந்த ட்ரான்ஸ்போமர் வைத்திருந்தார்கள். ட்ரான்ஸ்போமருக்கு மூச்சு விடும் குழாய் ஒன்று உண்டு, அதன் நுனியில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சிலிக்கா ஜெல் மணிகள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. நான் போனபோது கிண்ணம் முழுக்க ரோசா நிறம். கடல் காற்று, வாடைக்காலம், பக்கத்தில் களப்பு, ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். மணியை மாற்றி, எண்ணெயைப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தேன். சில ஆயிரம் ரூபாய் வேலை. "இந்த வருடம் பராமரிப்புச் செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார் அங்கிருந்த கணக்காளர். மார்கழி மழையில் ஒரு இரவு அது உள்ளே வெடித்தது. எண்ணெய்க்குள் ஈரம் சேர்ந்தால் சுற்றைக் காக்கும் காகிதம் தாங்காது. புது ட்ரான்ஸ்போமருக்கு இலட்சக்கணக்கில் போனது. அது வந்து சேரும்வரை ஓடிய ஜெனரேட்டரின் டீசல் கணக்கை அந்தக் கணக்காளர்தான் எழுதினார்.

கிழக்கில் லைன் நடத்துவது கொழும்பில் நடத்துவது மாதிரி அல்ல. வாடையில் உப்பு வந்து பீங்கானில் படிந்து, முதல் தூறலில் நெருப்புப் பொறி பறக்கும். கச்சான் அடித்தால் தென்னோலை வயரில் விழும். படுவான்கரையில் யானை வந்து போஸ்டில் முதுகு சொறியும். இரண்டு வீட்டுக்கு நடுவில் அரைக் கிலோமீற்றர் வயல். காலி வீதியோரம் மின்சாரம் பகிரும் லெக்கோ என்ற கம்பனிக்கு ஒரு கிலோமீற்றர் வயரில் நூற்றுக்கணக்கான மீற்றர் கிடைக்கும். கரடியனாற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு கிலோமீற்றருக்கு விரல் விட்டு எண்ணலாம். ஆனாலும் யூனிட் விலை நாடு முழுக்க ஒன்றே. கிழக்கைப் புறக்கணிக்கிறார்கள் என்று நாம் திட்டும்போது, மேல் மாகாணத்துப் பேக்டரிகள் கட்டும் காசில் நம் லைன் நிற்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் படுவான்கரையில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று போன் சார்ஜ் போடுவது அந்தக் காசிலும் சேர்த்துத்தான்.

சபை உருப்படியாகச் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தியாகும் ஐந்து யூனிட்டில் ஒன்று வழியிலேயே காணாமல் போனது. வயர்ச் சூடு, கள்ளக் கொக்கி, ஓடாத மீற்றர். இப்போது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தடித்த வயர், கூடுதல் ட்ரான்ஸ்போமர், இலக்க மீற்றர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட முதல். ஒருவரும் ரிபன் வெட்டிப் படம் எடுக்காத முதலீடு இது. என்னைக் கேட்டால் மற்றப் பெரிய திட்டங்களைவிட ரூபாய்க்கு ரூபாய் திருப்பித் தந்தது இதுவே.

சபையையே பிரிக்கச் சட்டம் வந்திருக்கிறது. 2024-இன் 36-ஆம் இலக்கச் சட்டமும் 2025 திருத்தமும் உற்பத்தி, கடத்தல், கட்டுப்பாடு, பகிர்ந்தளிப்பு என்று தனித்தனிக் கம்பனியாக்கச் சொல்கின்றன. எந்த இடத்தில் காசு ஒழுகுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். டீசல் விலை அதனால் குறையாது.

உங்கள் கூரைக்கு வருவோம். விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தில் போடாதீர்கள், உங்கள் பகல் ஓட்டத்துக்கு அளவாகப் போடுங்கள். நம் பக்கம் ஒரு கிலோவாட் பலகை மாதம் 110, 120 யூனிட் தரும். பெரும்போக அறுவடை முடிந்து மில் விடாமல் ஓடும் மாதங்களில் அவ்வளவையும் நீங்களே தின்றுவிடுவீர்கள். மில் சும்மா கிடக்கும் மாதங்களில் மட்டும் வெளியே போகும். அதைக் கடைசி லாபமாக வையுங்கள், கடனுக்கு வழியாக வைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று உண்டு. உங்களைப் போன்ற ஆலைக்கு யூனிட் தவிர கேவிஏ என்றும் ஒரு கட்டணம் வருகிறது, அதாவது ஒரே நேரத்தில் லைனிலிருந்து இழுக்கும் மொத்தப் பாரத்துக்கு. மாதத்தில் ஒரே ஒரு தடவை கால் மணி நேரம் உச்சத்துக்குப் போனாலும் அந்த எண்ணுக்கே மாதம் முழுக்கக் காசு. இழுக்கும் பாரத்தில் உண்மையில் வேலையாக மாறும் பங்கைப் பவர் பெக்டர் என்பார்கள்; பழைய மோட்டர்கள் அது 0.75-இல் ஓடினால், 75 கிலோவாட் வேலைக்கு 100 கேவிஏ பில்லில் விழும். அந்தப் பங்கைத் திருத்தும் கெப்பாசிட்டர் என்ற கருவியைப் போட்டு 0.95-க்கு உயர்த்தினால் அதே வேலைக்கு 79. எலிவேட்டர், உமி நீக்கி, பொலிஷர் மூன்றையும் ஒரே நேரத்தில் முழுப் பாரத்தில் ஓட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் இன்னும் இறங்கும். கடைசி மூன்று பில்லையும் எடுத்து, கேவிஏ என்று போட்டிருக்கும் வரியில் உள்ள எண்ணையும் அந்தந்த மாதம் ஓடின யூனிட்டையும் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு கெப்பாசிட்டர் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.